சர்பத்துக்குத் துடித்த நரம்பு

கள்ளிக்குப்பத்தில் ஒருவர் மனித நரம்பு வளர்க்கிறார் என்ற செய்தி அம்பத்தூரைத் தாண்டி ஆவடிக்கும், அங்கிருந்து பூந்தமல்லிக்கும் போய்ச் சேர்ந்த வேகம் இருக்கிறதே, அந்த வேகத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்ததே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிந்ததும் கூட்டம். ஷேர் ஆட்டோக்காரர்கள் “நரம்பு ஸ்டாப், நரம்பு ஸ்டாப்” என்றே கூவ ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து டீக்கடையில் ‘நரம்பு டீ’ என்று ஒன்று விற்றார்கள். சாதாரண டீதான். இஞ்சி தூக்கல்.

மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் பீடம். ‘மூல உயிரணு வலி நிவாரணப் பீடம். நிறுவனர்: நரம்புச் சித்தர் விஷ்ணு சுவாமிகள்’ என்று வாசலில் பலகை. பலகையின் ஒரு பக்கம் ஓம், மறுபக்கம் மைக்ராஸ்கோப். நடுவில் சுவாமிகள், காவி வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ருத்திராட்சமும் ஸ்டெதாஸ்கோப்பும் கழுத்தில் சிக்கிக்கொள்ள, சிரித்துக்கொண்டிருந்தார்.

முறை எளிது. பஞ்சுக் குச்சியால் உங்கள் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து மூல உயிரணுவை, அதாவது ஸ்டெம் செல்லைப் பிரித்து, கண்ணாடித் தட்டில் உங்களுடைய வலி நரம்பையே சுவாமிகள் வளர்ப்பார். உங்கள் உடம்பில் இருக்கும் வலியை அந்த நரம்புக்கு இறக்குவார். பிறகு மந்திரம் சொல்லி நரம்பை அடக்குவார். அங்கே நரம்பு அடங்கினால் இங்கே வலி அடங்கும்.

பழைய சாமியார்கள் இதையே எலுமிச்சம்பழத்தில் இறக்கினார்கள். எலுமிச்சம்பழம் என்றால் நான் நம்ப மாட்டேன், படித்தவன். கண்ணாடித் தட்டு, மைக்ராஸ்கோப், வெள்ளைக் கோட்டு என்றால் உடனே நம்புவேன், படித்தவன்.

என் பெயர் ஞானசேகரன். சிரிக்க வேண்டாம், வைத்தது என் அப்பா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது, வங்கிக்காரர்களுக்காக எங்கள் ஆட்கள் எழுதும் செயலியில் தப்பான பாஸ்வேர்டைப் போட்டு, கதவு திறக்கிறதா என்று பார்ப்பது. சரியான பாஸ்வேர்டுக்குத் திறப்பது பெரிய விஷயமில்லை. தப்பானதற்குத் திறக்கக் கூடாது, அதுதான் விஷயம். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதை நான் வகுப்பெடுத்தே சொல்லித் தருகிறேன். எதையும் சோதிக்காமல் நம்பாதே என்று வெள்ளைப் பலகையில் எழுதிக் கீழே கோடும் போடுவேன்.

வலி எனக்கு இல்லை. என் மனைவி அனுசுயாவுக்கு. வலது கன்னத்தில் மின்சாரம் பாய்கிற மாதிரி திடீரென்று வந்து வெட்டும். முகத்து நரம்பில் கோளாறு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரை போட்டால் கொஞ்சம் தூக்கம் தள்ளும், ஆனால் வலி அண்டாது. அவள் பல் துலக்கினாள், சாப்பிட்டாள், என்னைத் திட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் திருவேங்கடம். காட்டுப்பாக்கத்தின் பழைய குடும்பத்துக்காரர். அவர்கள் நெல் போட்ட நிலத்தில்தான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. இப்போது தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்துகிறார். கேனை இறக்கி வைத்துவிட்டு நியாயம் பேசாமல் போக மாட்டார்.

“இன்னா சார், ஊட்டம்மாவுக்கு இன்னும் மூஞ்சி வலி கீதா?” என்றார். “மாத்திரய முய்ங்கிகினே இருந்தா எப்பிடி? நம்ம முட்டிய பாரு. சித்தராண்ட போயி வந்ததுலேர்ந்து சோக்கா கீது. படிக்கட்டுல ஓடுறேன்.”

ஓடிக் காட்டினார். மேலே ஓடினார். இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் ஏறியதை மட்டும் பார்த்தேன்.

துடைத்த பஞ்சுக் குச்சியைத் திருவேங்கடத்திடம் கொடுத்தனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிறே அனுசுயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அவ்வளவு இஷ்டம் இல்லை. “மாத்திரைதான் கேக்குதேங்க” என்றாள். “அது அடக்குது, இது குணப்படுத்தும்” என்றேன். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை என் சொந்தக் கருத்து போல் சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி.

பீடத்துக்கு ஒரு சடங்கு உண்டு. காய்ந்த மிளகாயை நோயாளியின் தலையைச் சுற்றி, வழக்கம்போல அடுப்பில் போடாமல், தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். “திருஷ்டி மிளகாயை நெருப்புல போட்டது நம்ம முன்னோர். தண்ணியில போடுறது விஞ்ஞானம்” என்று சுவாமிகள் விளக்கினார். கூட்டத்தில் சாஃப்ட்வேர்க்காரர்கள் பக்கமிருந்து பலமான தலையாட்டல்.

விளக்கை அணைத்தார்கள். மேடையில் மைக்ராஸ்கோப். அதன் கீழே உங்கள் பெயர் ஒட்டிய கண்ணாடித் தட்டு. பக்கத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்த சுரேகா என்ற பெண், லேப்டாப்புடன். பின்னால் பெரிய திரை. சுவாமிகள் மிளகாய்த் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் விட்டார். திரையில் பச்சை இழைகள் பளீரென்று எரிந்தன, துடித்தன. ஸ்பீக்கரில் ‘கீஈஈ’ என்று ஓர் அலறல்.

“கேளுங்க,” என்றார் சுவாமிகள். “உங்க மனைவியோட வலி கத்துது.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அவர் மந்திரம் சொல்லி விபூதியை ஊதினார். இழைகள் மெல்ல மெல்ல மங்கின. சபையே கும்பிட்டது. என் மனைவியின் நரம்பை நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டேன். வீட்டில் அவளை ஒருநாளும் அப்படிக் கும்பிட்டதில்லை.

கிளம்பும்போது சுவாமிகள் அருகில் வந்து காதோடு சொன்னார். “தட்டுல இருக்கிற நரம்பு பத்தியம் இருக்கு, சார். இங்க அம்மா மாத்திரை போட்டா அங்க அது செத்துப்போயிடும். அப்புறம் நான் பொறுப்பில்ல.”

அன்றைக்கே மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பரண்மேல் போட்டேன். நாற்காலி போட்டு ஏறி, அனுசுயாவுக்கு எட்டாத மூலையாகப் பார்த்துப் போட்டேன்.

அந்த வாரத்திலேயே வலி திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக வந்தது. பல் துலக்க முடியவில்லை. மின்விசிறிக் காற்று கன்னத்தில் பட்டாலே முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டாள். காபியை ஆறவைத்துக் கரண்டியால் ஒரு பக்கமாக விட்டுக்கொண்டாள். பேச்சை நிறுத்திவிட்டாள், உதடு அசைந்தால் வெட்டியது. நான் சுவாமிகளுக்குப் போன் போட்டேன். “வலி வெளிய போறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு சண்டை போடும். நல்ல அறிகுறி” என்றார். நல்ல அறிகுறி என்று நான் போய் அவளிடம் சொன்னேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் அச்சில் எடுபடாது.

இந்த லட்சணத்தில் வீடு இருக்கும்போதுதான் அனுசுயாவின் தங்கை ரோஷினி வந்தாள். திருமழிசைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று நான் இதுவரை கேட்டதில்லை. கல்யாணம் எப்போது என்று மட்டும் பார்க்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன்.

அக்காவின் நிலையைப் பார்த்தாள். கதையைக் கேட்டாள். நான் சித்தரின் பெருமையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்ததும் கேட்டாள்: “மாமா, நான் ஆபீஸ்ல என்ன பண்றேன்னு தெரியுமா?”

“ஏதோ லேப்ல.”

“வலி நரம்பு வளர்க்கிறேன்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். “அப்படின்னா சாமி சொல்றது உண்மைதானே?”

“உட்காருங்க. ரத்தத்துலேர்ந்து செல் எடுத்து, அதைப் பின்னால திருப்பி மூல உயிரணு ஆக்கணும். அங்கேர்ந்து மறுபடி நரம்பா வளர்த்துக் கொண்டு வரணும். மாசக்கணக்கா ஆகும். உடம்புச் சூட்டுலயே வெச்சிருக்கணும். தீபாவளிக்குக்கூட லீவு போட முடியாது, போய் அதுக்குச் சோறு வைக்கணும். உங்க சாமி டியூஷன் சென்டர்ல, கரண்ட் போற ஏரியாவுல, வாரா வாரம் ஒரு சபைக்கு வளர்த்துத் தர்றாரா?”

“நீங்க எதுக்கு வளர்க்கிறீங்க?”

“புது வலி மருந்து மனுஷ நரம்புல வேலை செய்யுதான்னு பார்க்க. எலிகிட்ட ஜெயிச்ச மருந்தெல்லாம் மனுஷன்கிட்ட தோத்துப்போகுது. நாளைக்கு அக்காவுக்குத் தூக்கம் தள்ளாத மாத்திரை வரணும்னா இப்படித்தான் வரும். தட்டுல வலியை இறக்குறதெல்லாம் கிடையாது.”

“உங்க நரம்பு மிளகாய்க்குக் கத்துமா?”

“மிளகாய்க் காரம் பட்டா சேதி அனுப்பும். கத்தாது. வலிக்குதுன்னு தெரியணும்னா மூளை வேணும். தட்டுல மூளை இல்ல.”

‘தட்டுல’ என்ற இடத்தில் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“திருவேங்கடத்துக்கு முட்டி நல்லாயிடுச்சே” என்று கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

“முட்டி வலி ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். ஏறும்போதுதான் சாமிகிட்ட ஓடுவாங்க. இறங்கும்போது பேர் சாமிக்கு.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “மாமா, ஆபீஸ்ல தப்பு பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கத்தானே சம்பளம் வாங்குறீங்க. அங்க போய் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தீங்களா?”

சபையில் சரியான பாஸ்வேர்டையே போட்டு, கதவு திறந்ததும் கும்பிட்டுவிட்டு வந்தவன் நான். என்னிடம் வேலை கற்கும் பிள்ளை இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். மிளகாய்த் தண்ணீர் பாட்டிலை ரோஷினியே சமையலறையில் தயார் செய்து என் கையில் கொடுத்தாள். சிவப்பாக இருந்தது. அனுசுயா முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு, மின்விசிறி இல்லாத மூலையாகத் தேடி உட்கார்ந்தாள். மாத்திரை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வாய் திறக்க வேண்டுமே. இன்றைக்கும் நரம்பு அடங்கினால் இன்னும் ஒரு மண்டலம் பத்தியம் என்று சித்தர் சொல்லியிருந்தார். அந்த மூலையைப் பார்த்தபோது முதன்முதலாக எனக்குப் பயம் வந்தது.

எங்கள் முறை வந்தது. விளக்கு அணைந்தது. சுவாமிகள் பாட்டிலை வாங்கிச் சொட்டுவிட்டார். திரையில் பச்சை இழைகள் எரிந்தன. ‘கீஈஈ.’

“பாருங்க, எப்படித் துடிக்குதுன்னு” என்றார் சுவாமிகள். “காரம் தாங்கல.”

ரோஷினி எழுந்தாள். “மாமா, பாட்டில்ல மீதி இருக்கிறதக் குடிங்க.”

சபை திரும்பி என்னைப் பார்த்தது. மேடையிலிருந்த பாட்டிலை எடுத்தேன். மச்சினி என்னைத் தண்டிக்கிறாள், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்தேன்.

ரோஸ் சர்பத்.

நன்றாகவே இருந்தது. சப்ஜா விதை போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

“என்ன மாமா, காரமா?”

“இனிக்குது” என்றேன். மைக் பக்கத்தில் இருந்தது. சபை முழுக்கக் கேட்டது.

சுவாமிகள் லேசில் அசருகிற ஆளில்லை. “அதான் அப்படித் துடிச்சிருக்கு,” என்றார். “நரம்புக்கு முதல் எதிரி சர்க்கரை. இங்க எத்தனை பேருக்கு சுகர் இருக்கு, கை தூக்குங்க பார்ப்போம்.”

பாதிச் சபை கை தூக்கியது. சர்க்கரை நரம்பைக் கெடுக்கும் என்று அவரவர் டாக்டர் சொல்லியிருக்கிறாரே. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பழக்கம்.

ரோஷினி அதற்குள் மேடை ஏறிவிட்டாள். “சாமி, தட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

“தொடக் கூடாதும்மா. கிருமி தொத்திக்கும்.”

“தப்பில்ல, கையுறை கொண்டாந்திருக்கேன்.” பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். அவர் தடுப்பதற்குள் மைக்ராஸ்கோப்பின் அடியிலிருந்து தட்டை உருவி, கையில் ஏந்திக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். “லேப்டாப்பை யாரும் தொட வேண்டாம். சும்மா உட்கார்ந்து பார்ப்போம்.”

சுரேகாவின் கை பாதி வழியில் நின்றது.

என் மனைவியின் நரம்பு ரோஷினியின் கையில் இருந்தது. என் மனைவியின் நரம்பு திரையிலும் இருந்தது. அடியில் ஒன்றுமில்லாத மைக்ராஸ்கோப் அதைக் காட்டிக்கொண்டிருந்தது. இழைகள் முன்பு போலவே துடித்தன. பிறகு, யாரும் மந்திரம் சொல்லாமல், யாரும் விபூதி ஊதாமல், மெல்ல மெல்லத் தானாகவே மங்கின. சுவாமிகளின் வாய் திறந்திருந்தது. மந்திரத்துக்கு இனி வேலை இல்லை என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும், சத்தம் வரவில்லை.

திரை ஒரு நொடி கறுத்தது. அடுத்து ஒரு விளம்பரம் ஓட ஆரம்பித்தது. “குத்தம்பாக்கம் புதிய பேருந்து நிலையத்துக்கு மிக மிக அருகில், நடந்து போகும் தூரத்தில், வீட்டு மனைகள்” என்று ஒரு குரல் உற்சாகமாகக் கூவியது. பச்சைப் புல்வெளியில் ஒரு குடும்பம் குடை பிடித்துக்கொண்டு சிரித்தது.

முன்வரிசையிலிருந்து வரலட்சுமி என்ற அம்மாள் மட்டும் கை கூப்பினார். “தட்டே இல்லாம நரம்பக் காட்டுறாரே. இதுக்கு மேல என்ன அற்புதம் வேணும்?”

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்றைக்குச் சபைக்கு வந்திருந்த திருவேங்கடம் எழுந்தார். எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். “ஏம்மா, அப்போ போன மாசம் எனக்குக் காட்டுனது இன்னா? அது என் முட்டி இல்லியா?”

“இதே வீடியோதான் அண்ணா,” என்றாள் ரோஷினி. “எல்லாருக்கும் இதேதான்.”

“நான் தேங்கா ஒடச்சி கும்புட்டேனேம்மா அத்த.” அவர் மேடையைப் பார்த்துத் திரும்பினார். “யோவ் சாமி, என் முட்டி நரம்பு எங்க? எட்து குடு. ஊட்டுக்கு எட்துகினு போறேன்.”

“தட்டுல என்னதாம்மா இருக்கு?” என்று யாரோ கேட்டார்கள். ரோஷினி விளக்கைப் போடச் சொல்லி, மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நசுக்கிப் பார்த்தாள். “சைனா கிராஸ். கடல்பாசிதான். பால் ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சா புட்டிங்.”

என் மனைவியின் வலி நரம்பு என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது பண்டிகைக்குச் செய்கிற இனிப்பு.

அப்போது சபையின் மூலையில் அனுசுயா எழுந்தாள். முந்தானையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். பல நாட்களுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் வலி வெட்டுவது முகத்தில் தெரிந்தது.

“டாக்டருக்குப் போன் போடுங்க” என்றாள். “பரண்ல இருக்கிறத நீங்களே ஏறி எடுங்க.”

சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். சாமியார் செத்தாரா பிழைத்தாரா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதுதான் அந்தச் சபையில் நடந்த முதல் அறிவுள்ள காரியம். செய்தவள் என் மனைவி, அவளை அங்கே இழுத்து வந்தவன் நான்.

நான் அவள் பின்னால் ஓடினேன். மற்றதெல்லாம் திருவேங்கடம் சொல்லித்தான் தெரியும். சுவாமிகள் அவசரமாக ஒரு நோயாளி அழைப்பதாகச் சொல்லிப் பின்வாசல் வழியே இறங்கியிருக்கிறார். பின்வாசலில் ஏற்கெனவே ஆட்கள் நின்றிருக்கிறார்கள். கோட்டைக் கழற்றியபோது உள்ளே ஏதோ செல்போன் கடையின் பெயர் போட்ட டீ-ஷர்ட். சுரேகா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, “எனக்கு டேட்டா என்ட்ரி வேலைன்னுதான் சொன்னாங்க. ப்ளே அமுக்குறது மட்டும்தான் என் வேலை” என்று அழுதாளாம். போலீஸ் வந்ததும் சுவாமிகளுக்கு நெஞ்சு வலி. எந்தத் தட்டையும் கேட்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாராம். சொந்த வலி என்றால் அவருக்கும் விவரம் தெரிந்திருக்கிறது.

டாக்டர் என்னைத் திட்டியதை விரிவாக எழுத இடமில்லை. திடீரென்று நிறுத்தினால் வலி மட்டுமில்லை, வலிப்பே வந்திருக்கலாம் என்றார். படிச்சவர்தானே நீங்க என்று கேட்டார். அதுதான், டாக்டர், பிரச்சினையே என்றேன். மாத்திரை மறுபடி பிடிக்கச் சில நாட்கள் ஆயின. பிடித்ததும் ஒரு காலையில் அனுசுயா சூடான காபியை இரண்டு பக்கத்தாலும் குடித்தாள். குடித்து முடித்ததும் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். வாரக் கணக்கில் சேர்ந்திருந்தது. குறுக்கே பேசாமல் கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

பிறகு ஒருநாள் ரோஷினி என்னைத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் நிஜமான நரம்பைக் காட்டினாள். பார்க்க ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத்தில், சிலந்தி வலை மாதிரி சில இழைகள். ஸ்பீக்கரும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. முதலில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் விட்டாள். அசையவில்லை. அடுத்து மிளகாய்க் காரத்தின் சாறு. அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளிகள் மினுங்கின, அணைந்தன. அவ்வளவுதான். யாரும் கும்பிடவில்லை. ரோஷினி கொட்டாவி விட்டுக்கொண்டே அடுத்த தட்டை எடுத்தாள்.

இப்போது பூந்தமல்லியில் ஒருவர் தட்டில் மூளையே வளர்த்து, பிள்ளைகளுக்கு நுழைவுத்தேர்வில் மார்க் வாங்கித் தருகிறாராம். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வண்டி ஏற்பாடு நடக்கிறது. போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். கூடவே ஒரு பாட்டில் ரோஸ் சர்பத் எடுத்துக்கொண்டு போங்கள். மிளகாய் எது, சர்பத் எது என்று மூளையே இல்லாத நரம்புக்குத் தெரிகிறது. மூளை இருக்கிற நாம் ஒருமுறை ருசி பார்த்துவிட்டுக் கும்பிட்டால் என்ன குறைந்துவிடும்?